ராஜா திறந்துவைத்த டிஸ்க்

ஒரு காட்டில், ஏரி மதகைத் திறக்கிற வேலையைக் கூடக் கம்ப்யூட்டரிடம் ஒப்படைத்துவிட்ட மகா புத்திசாலிக் காட்டில், பொன்னுரங்கம் என்றொரு கரடி இருந்தது. அதுதான் அங்கே கம்ப்யூட்டர் நிபுணர். எப்படி நிபுணரானது என்று கேட்காதீர்கள். கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது, அவ்வளவுதான்.

ஒருநாள் மதகுக் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. மதகு மூடியது மூடியபடியே நின்றது. மேலே ஏரி தளும்பிக் கிடக்க, கீழே குட்டை சேறாகிக்கொண்டிருந்தது. குட்டையை நம்பிப் பிழைத்த எருமை மயிலாத்தா, கன்றோடு ஓடி வந்தது.

"ஐயா, புள்ளைக்கு நாக்கு வறண்டு போச்சுய்யா. எப்பத் தண்ணி விடுவீங்க?"

"ஆபரேட்டிங் சிஸ்டம் போயிடுச்சும்மா. டிஸ்க் போட்டுப் புதுசா ஏத்தணும். இதோ, கையோட முடிச்சிடலாம்," என்றது கரடி.

ஆபரேட்டிங் சிஸ்டத்தை மொத்தமாகப் பொதிந்து வைத்திருக்கும் இமேஜ் ஃபைலைத் தன் லேப்டாப்பில் இறக்கியது. காலி டிஸ்க்கைச் செருகி, கல்யாண ஃபோட்டோவை நகலெடுப்பதுபோல ஃபைலை அப்படியே இழுத்து உள்ளே போட்டது. மேலே மார்க்கரால், கம்ப்யூட்டரைக் கிளப்பிவிடும் 'பூட் டிஸ்க்' என்று கொட்டை எழுத்தில் எழுதியது. எழுதிவிட்டால் ஆயிற்றா? போட்டுப் பார்க்க வேண்டாமா? அதற்குள் ராஜாவின் செயலாளர் நரி வேதாசலம் பாய்ந்து வந்தது.

"யோவ், கைய எடு! ராஜா திறந்துவைக்காம இங்க எதையும் ஓட்டக்கூடாதுன்னு தெரியாது?"

பந்தல் எழுந்தது. டிஸ்க்கின் உறைக்குச் சந்தனம், குங்குமம், குட்டி மாலை. சிங்கராஜா கைதட்டலுக்கு நடுவே டிஸ்க்கைச் செருகினார், கேமராவைப் பார்த்துச் சிரித்தார், விருந்துக்குப் போய்விட்டார். திரையை யார் பார்த்தார்கள்? 'பூட் ஆகும் டிஸ்க் எதுவும் இல்லை' என்று அது பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது.

கரடி மட்டும் பார்த்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக உதவிப் பக்கத்தைத் திறந்து படித்தது. ஃபைலை நகலெடுத்தால் போதாதாம். 'இமேஜை எழுது' என்று கொடுத்து, அதற்குள் இருப்பதை டிஸ்க்கில் பதிக்க வேண்டுமாம். இட்லி மாவைப் பாக்கெட்டோடு தட்டில் வைத்து அவித்திருக்கிறது, மடக் கரடி! பையில் இன்னொரு காலி டிஸ்க் இருந்தது. ஒரு டீ குடிக்கிற நேரத்தில் சரிசெய்துவிடலாம்.

"சார், அந்த டிஸ்க்குல சின்னத் தப்பு நடந்துபோச்சு. வேற எழுதித் தர்றேன்," என்று நரியின் காதில் முணுமுணுத்தது.

"ராஜா கையால போட்ட டிஸ்க்குல தப்பா? வெளிய சொல்லிப் பாரு, உன் தோலை உரிச்சுக் கம்பளமா விரிச்சிடுவாரு. டிஸ்க் நல்ல டிஸ்க்கு. கம்ப்யூட்டர்தான் ராஜதுரோகி!"

கரடி பையின் ஜிப்பை இழுத்து மூடியது. "ஆமா சார், கம்ப்யூட்டர்தான் சரியில்ல." தூ, இதுவும் ஒரு பிழைப்பு!

கம்ப்யூட்டர் குப்பைமேட்டுக்குப் போனது. மயிலாத்தா தினமும் வந்து நின்றது. "புதுசு வந்துக்கிட்டே இருக்கும்மா," என்று கரடியும் தினமும் சொன்னது. கடைசியில் குட்டை வெடித்துக் காய்ந்தது. எருமை தள்ளாடிய கன்றை முட்டி முட்டி நடத்திக்கொண்டு காட்டைவிட்டே கிளம்பியது.

"நல்லா இருங்கய்யா," என்றது போகும்போது. கரடிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

மறுநாள் சபையில் நரி அறிவித்தது: "கீழ்க்குட்டையிலிருந்து இப்போது ஒரு புகாரும் இல்லை. பிரச்சினை தீர்ந்தது!" சிங்கராஜா மனம் குளிர்ந்து கரடிக்குப் பொன்னாடை போர்த்தினார். கரடி குனிந்து வாங்கிக்கொண்டது.

நீதி: டிஸ்க் எழுதத் தெரியாவிட்டால் பரவாயில்லை, அதைத் திறந்துவைக்க ஒரு ராஜா கிடைத்தால் போதும்.