நாயனக்காரருக்கு சோக் பிடித்த காலம்

ஓயாமல் பேசிப் பேசியே ஊமை என்று பெயர் வாங்கிய மனிதர் விருத்தாசலத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் நாயனக்காரர். அவருடைய சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் இருந்தது. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

நாயனத்துக்கும் அவருக்கும் ஸ்நானப் பிராப்திகூடக் கிடையாது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் டெஸ்பாட்ச் கிளார்க்காக இருந்த பீங்கான் கம்பெனியில் அவர் இலை ஊதுகிறவர். சிரிக்காதீர்கள், அப்படி ஒரு வேலை இருந்தது. பச்சைக் களிமண் பொம்மைகள் காயும் களத்தைச் சுற்றி ஏழு புங்கமரங்கள். ஈரப் பொம்மைமேல் இலை ஒட்டினால் சூளையில் வெந்து வரும்போது தழும்பாக நிற்கும். பெருக்கலாம் என்றால் புழுதி. இதற்காக முதலாளியின் மச்சான் சிங்கப்பூரிலிருந்து ஒரு மிஷின் கொண்டுவந்தார். முதுகில் மாட்டிக்கொள்ளும் டூ ஸ்ட்ரோக் இன்ஜின், முன்னால் நீளமாக ஒரு குழாய். தினமும் நாலு மணிக்கு, சாயங்கால ஷிப்ட் பொம்மைகள் களத்துக்கு வருவதற்குள், அது இலைகளை ஊதித் தள்ள வேண்டும்.

ஊதியது. ஆனால் சோக் போட்டால்தான் ஊதியது.

சோக் என்பது இன்ஜினுக்கு மூக்கைப் பிடிப்பது மாதிரி. காற்றைக் குறைத்து பெட்ரோலைக் கூட்டும். வண்டி கிளம்பியதும் விட்டுவிட வேண்டும். இந்த மிஷினிலோ விட்டால் போச்சு, இரண்டு இருமல் இருமி அணைந்துவிடும். முழுசாகப் போட்டால் புகை மண்டும். பாதியில் நிறுத்தினால் அதிர்விலேயே லிவர் நழுவும். அவருடைய ஒரு கையில் குழாய், மறு கையில் ஆக்சிலேட்டர். சோக் இருந்ததோ முதுகில்.

ஒருநாள் அந்தப் பக்கம் போன நான், பாவமே என்று அந்த லிவரை ஒரு விரலால் பிடித்துக்கொண்டேன். அவ்வளவுதான், மாட்டிக்கொண்டேன். மறுநாள் நாலு மணிக்கு ஆபீஸ் வாசலில் மிஷினோடு வந்து நின்றார். முதுகைத் திருப்பிக் காட்டினார்.

அவர் குழாயை நீட்டி முன்னால் நடக்க, நான் அவர் முதுகில் விரலை வைத்துப் பின்னால் நடக்க, பொம்மைக்கு வர்ணம் தீட்டும் பெண்கள் சும்மா இருப்பார்களா?

"நாயனம் போவுது, பின்னாடியே ஒத்தும் போவுது பாருடி!"

அவர் நாயனக்காரர் ஆனார், நான் பின்னால் நின்று ஒரே சுருதி பிடிக்கும் ஒத்து. எனக்கும் அப்போது பெரிதாக மானம் போவதற்கு ஒன்றுமில்லை. பெண்டாட்டி பிள்ளைகள் கும்பகோணத்தில். நான் ஜங்ஷன் பக்கத்தில் ஓர் அறையில். ஞாயிற்றுக்கிழமைகளில் ரயில் அறிவிப்பைக் கேட்டுக் கேட்டு, மைக்கைக் கொடுத்தால் நானே அறிவிப்பேன் என்ற நிலையில் இருந்தேன்.

நடக்கும்போது அவர் தாடை அசைந்துகொண்டே இருக்கும். வெற்றிலை என்று நினைத்தேன். ஒருநாள் என் விரல் வழுக்கி, இன்ஜின் பட்டென்று அணைந்தது. அந்த நிசப்தத்தில் அவர் குரல் களம் முழுக்கக் கேட்டது:

"...அந்தக் கோழியத்தான் கட்டிப் புடிச்சிக்கிட்டு அழுதேன்!"

வர்ணம் தீட்டிய பெண்கள் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டார்கள். நாயனக்காரர் வாயை டப்பா மாதிரி மூடிக்கொண்டு மறுபடி கயிற்றை இழுத்தார். எந்தக் கோழி, எதற்கு அழுகை என்று நான் கேட்டு முடிப்பதற்குள் இன்ஜின் கிளம்பிவிட்டது.

அப்போதுதான் புரிந்தது. மனுஷர் இன்ஜின் சத்தத்துக்குள் ஒளிந்துகொண்டு பேசுகிறார்! சத்தம் நின்றால் ஊமை. ஆனால் தனியாகப் பேச மாட்டார், பின்னால் ஓர் ஆள் வேண்டும். அதன்பிறகு மிஷின் அணையும்போதெல்லாம் ஒரு துண்டு என் காதில் விழும்.

"...எம் பொண்ணு சேத்தியாத்தோப்புலதான் இருக்குது, பஸ்ஸுல ஏறுனா எவ்ளோ நேரம்?"

"...வூட்டுல ரேடியோவ நிறுத்தவே மாட்டேன், யாராச்சும் பேசிக்கிட்டு இருக்கட்டும்னு."

"...ஒரு ஆளுக்கு கொழம்பு வெக்க இன்னும் வரல சார்!"

என் அறையிலும் தினம் குழம்பு மிஞ்சிக்கொண்டுதான் இருந்தது.

லிவரைக் கட்டிவைக்க ரப்பர் பேண்டு கொண்டுபோனேன். வாங்கிப் பார்த்துவிட்டு பலாப்பழம் மாதிரி கனமான முகத்தோடு வீசி எறிந்தார். கம்பெனி மெக்கானிக் வந்தால் மிஷின் மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"எல ஊத ரெண்டு ஆளா? அங்க லாரி நிக்குது, டெஸ்பாட்ச் கிளார்க் ஊர்வலம் போயிட்டு இருக்கீங்க! திங்கக்கிழம மிஷின் ஒழுங்கா ஓடலன்னா தூக்கிப் போட்டுடுவேன். ஆள களிமண் குழிக்குக் காவலுக்கு அனுப்பிடுவேன்."

களிமண் குழி திட்டக்குடி போகிற வழியில், ஆள் நடமாட்டமில்லாத பொட்டலில் இருந்தது. அங்கே பேச்சுத்துணைக்கு ஓணான்தான். அவரிடம் சொல்ல மனசு வரவில்லை.

ஜங்ஷன் எதிரே ஸ்கூட்டர் மெக்கானிக் ஒருவர் இருந்தார். அவரிடம் போய் வியாதியைச் சொன்னேன். நாடி பிடிக்காமலே மருந்து சொன்னார்.

"சோக்குலதான் ஓடுதுன்னா வேற எங்கியோ காத்து இழுக்குது. கார்பரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவுல காத்து கசியாம அடைக்கிற கேஸ்கட்டு ஒண்ணு இருக்கும். கிழிஞ்சிருக்கும், பாருங்க."

ஞாயிற்றுக்கிழமை யாருமில்லாத ஸ்டோர் ரூமில் மிஷினைக் கழற்றினேன். மெக்கானிக் சொன்ன இடத்தில், சொன்ன மாதிரியே கிழிசல். புதிதாக வெட்ட ஏதாவது அட்டை கிடைக்குமா என்று நாயனக்காரரின் டூல்ஸ் பெட்டியைத் துழாவினேன். அடியில், எண்ணெய்க் காகிதத்தில் மடித்து, ஒரு புது கேஸ்கட். கையால் வெட்டியது. இன்ஜினில் வைத்துப் பார்த்தேன், துளைக்குத் துளை கச்சிதம். சுற்றியிருந்த காகிதமோ மடிப்பிலேயே கிழிகிற அளவுக்குப் பழசாகியிருந்தது.

அட பாவி மனுஷா! என்ன கோளாறு என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. மருந்தையும் செய்து வைத்திருக்கிறார். கொடுக்கத்தான் இல்லை. கொடுத்தால் பின்னால் யார் நடப்பார்கள்?

மாட்டாமல் விட்டால் ஓணான். மாட்டினால் தனி நடை. வெகுநேரம் அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசியில் மாட்டிவிட்டேன்.

திங்கட்கிழமை, மேனேஜர் பார்த்திருக்க, நாயனக்காரர் கயிற்றை இழுத்தார். நான் லிவரைத் தள்ளிவிட்டுக் கையை எடுத்தேன். இருமல் இல்லை, புகை இல்லை, சீராக ஓடியது. அவர் திரும்பி என்னைப் பார்த்தார். கோபமாக இருந்தால்கூடத் தேவலை. ஒன்றும் இல்லாத முகம். பிறகு குழாயை நீட்டிக்கொண்டு தனியாக நடந்தார்.

மூன்று நாள் ஆபீஸில் உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்டேன். ஒரு தடவைகூட நடுவில் நிற்கவில்லை. ஒரு துண்டுப் பேச்சுகூட வரவில்லை. அவ்வளவு மோசமான மூன்று நாள் எனக்கு அந்த ஊரில் வாய்த்ததில்லை.

நாலாம் நாள் பொறுக்க முடியாமல் லாரியை நிற்க வைத்துவிட்டுக் களத்துக்குப் போனேன். பிடிக்க ஒன்றுமில்லை. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் புங்கமரத்தடியில் நின்றேன். நாயனக்காரர் பாதிக் களத்தில் என்னைப் பார்த்தார். நன்றாக ஓடிக்கொண்டிருந்த இன்ஜினைத் தானே அணைத்தார். மிஷினைக் கழற்றித் தரையில் வைத்தார். அந்த அமைதியில் என் பக்கம் வந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்:

"டீ குடிச்சிட்டீங்களா சார்?"

அஞ்சு நிமிஷம் முன்னால்தான் குடித்திருந்தேன்.

"இன்னும் இல்லீங்கண்ணே" என்றேன்.