நிணவாயனின் மீசை

"இது யாரு முகம்? நல்லாப் பாத்துச் சொல்லுங்க ராவுத்தரே."

திருச்சி சத்திரம் பஸ் நிலையத்துப் புத்தகக் கடையில் ஹபீபுல்லா ராவுத்தர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். மாதம் தவறாமல் மெட்ராஸிலிருந்து வரும் 'சாம்பல் கோட்டை' என்ற திகில் படக்கதையின் நாலாம் புத்தகம். அட்டையில் நிணவாயன் என்னும் பிணந்தின்னிப் பூதம், ஒரு மனிதக் காலைக் கரும்பு மாதிரி கடித்துக்கொண்டிருந்தது.

ராவுத்தர் அட்டையைப் பார்த்தார். எதிரே நின்ற பாய்க்கடை அழகிரியைப் பார்த்தார். மறுபடி அட்டையைப் பார்த்தார்.

"அந்தக் காலைக் கடிக்கிறதைத் தவிர மத்ததெல்லாம் நீங்கதான் மொதலாளி."

அழகிரி புத்தகத்தைத் திருப்பி வாங்கிப் பார்த்தார். இடது புருவம் நடுவில் ரெண்டாகப் பிளந்திருந்தது. மூக்கு நுனியில் மிளகு அளவு மரு. காதுக்குள்ளிருந்து அருகம்புல் மாதிரி எட்டிப் பார்க்கும் முடி. மீசையின் வலது முனை வானத்தையும் இடது முனை பூமியையும் பார்த்தது. தினம் காலையில் அவர் கண்ணாடியில் பார்க்கும் அதே முகம்.

வேறு சமயமாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பார். ஆனால் மகள் வள்ளிக்கண்ணுவுக்கு லால்குடியில் வரன் பேசியிருந்தது. மாப்பிள்ளையின் அப்பா வீரமலை, சகுனத்துக்கு நல்ல முகம் பார்க்காமல் படி இறங்காதவர். முன்பு வந்த ஒரு சம்பந்தத்தை, பெண்ணின் அப்பா ஆந்தை மாதிரி இருக்கிறார் என்று சொல்லித் தட்டிக்கழித்தவர். ஆந்தைக்கே அப்படியென்றால் பிணந்தின்னிக்கு?

"இது லால்குடிக்குப் போகுமா?"

"போகாம? காலை பஸ்ஸுல ஒரு கட்டுப் போகுமே."

"அந்தக் கட்டையும் சேத்து எல்லாத்தையும் எனக்கே குடுத்துடுங்க."

அத்தனையையும் கடைக்குக் கொண்டுபோய், சுருட்டி வைத்திருந்த கோரைப் பாய்களுக்குள் ஒவ்வொன்றாகச் செருகி ஒளித்தார். அன்று ராத்திரிதான் வயிற்றில் சோறு இறங்கியது.

"அப்பா, கொஞ்சம் இப்படித் திரும்புங்க" என்றாள் பரிமாறிக்கொண்டிருந்த வள்ளிக்கண்ணு.

"எதுக்கும்மா?"

"சும்மாதான்."

அவள் வெளிச்சத்தில் அவர் முகத்தையே பார்த்தாள். மனைவி மயிலம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கல்யாணமாகிப் போகப்போறாள்ல. அப்பா முகத்தை மனசுல வாங்கிக்கறா. நீங்க பேசாம சாப்பிடுங்க."

அழகிரியும் முகத்தை நன்றாக விளக்குப் பக்கம் திருப்பிக் காட்டினார்.

மறுவாரம் அவர் முசிறிக்குக் கோரை வாங்கப் போனபோது மயிலம்மாள் கடையில் உட்கார்ந்தாள். அவர் திரும்பி வந்து பார்த்தால் கடை வாசலில் திருவிழாக் கூட்டம். "பாய் வாங்கினா பேய்க்கதை சும்மா" என்று ஊரெல்லாம் செய்தி பரவியிருந்தது. ஒரு பாய் மிச்சமில்லை.

"நீங்கதான் வியாபாரத்துக்காக இப்படி வச்சிருக்கீங்கன்னு நெனச்சேன்" என்றாள் மயிலம்மாள் பெருமையோடு. "லால்குடிக்காரங்ககூட வாங்கிட்டுப் போனாங்க."

அழகிரி தூணைப் பிடித்துக்கொண்டார்.

அடுத்த மாதம் ராவுத்தர் பஸ்களுக்கு நடுவே ஓடிவந்து கையைப் பிடித்தார்.

"மொதலாளி, மெட்ராஸ்காரங்களுக்குத் தலைகால் புரியலை! திருச்சியில ஒரே நாள்ல வித்துப்போச்சேன்னு கட்டை ரெண்டு மடங்கா அனுப்பியிருக்காங்க. இந்தப் புத்தகத்துல இளவரசன் நிணவாயனைக் கொல்றதா இருந்துச்சாம். வேணாம்னு நிறுத்திட்டாங்க. உங்க புண்ணியத்துல அவன் பொழச்சான்."

இனிப் புத்தகத்தை ஒளித்துப் பயனில்லை, முகத்தைத்தான் மாற்ற வேண்டும் என்று அழகிரி முடிவு செய்தார். தெரிந்தவர்கள் கண்ணில் படாமல் இருக்க ஶ்ரீரங்கம் போய், அம்மா மண்டபத்துப் படித்துறையில் நாவிதர் முன்னால் உட்கார்ந்தார்.

"மீசையை எடுத்துடுப்பா."

நாவிதர் பெருமூச்சு விட்டார். "அப்பாவா, அம்மாவா?"

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அதற்குள் பாதி மீசை காவிரிக்குப் போயிருந்தது.

அவர் வீடு சேருமுன் துக்கம் விசாரிக்க நாலு பேர் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். பதில் சொல்லத் தெரியாமல், "முசிறிச் சித்தப்பா" என்று வாயில் வந்ததைச் சொல்லிவைத்தார். மறுநாள் முசிறிச் சித்தப்பாவே பஸ்ஸில் வந்து இறங்கி, மேல்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, "சேதி கேட்டதும் ஓடியாந்தேன். போனது யாருப்பா?" என்று கேட்டார்.

சாவுப் பந்தலுக்குச் சொல்ல ஓடிய ஆளைத் தெருமுனையில் மடக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது.

வள்ளிக்கண்ணு மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. "அப்பா, கொஞ்சம் இப்படித் திரும்புங்க" என்றாள். மழித்த மேலுதட்டை ரொம்ப நேரம் பார்த்தாள்.

அதற்கடுத்த புத்தகத்தை அழகிரி ராவுத்தர் கடையிலேயே நின்று பிரித்தார். முதல் பக்கத்திலேயே நிணவாயன் எரிமலைக்குள் எட்டிப் பார்க்கிறான். தீப்பற்றி மீசை கருகி விழுகிறது. கீழே மொழுமொழுவென்று மேலுதடு. அது அழகிரியின் மேலுதடு.

"யாரோ என்னைப் பக்கத்துல இருந்து பாத்துக்கிட்டே இருக்கான் ராவுத்தரே!"

"இருப்பான், மொதலாளி. படம் போடற ஆளு திருச்சியிலேருந்துதான் தபால்ல அனுப்பறாராம். 'காலன்'னு பேர் மட்டும் போடறார். யாருன்னு மெட்ராஸ்காரங்களுக்கே தெரியாதாம்." ராவுத்தர் குரலைத் தாழ்த்தினார். "அடுத்ததுல நிணவாயனுக்கு ஜோடியா ஒரு சூனியக்காரி வரணுமாம். பொருத்தமா ஒரு முகம் அமையலைன்னு காலன் எழுதியிருக்காராம்."

அழகிரி பஸ் நிலையத்தைச் சுற்றிலும் பார்த்தார். வெள்ளரிப் பிஞ்சு விற்கிறவன் பார்த்தான். கண்டக்டர் பார்த்தார். ஒரு ஆடுகூட அவரைத்தான் பார்த்தது.

பெண் பார்க்க வந்த அன்று அழகிரி முகத்தில் கண் மட்டும் தெரிய ஈரத்துண்டைச் சுற்றியிருந்தார்.

"பல்வலிங்க" என்றார் துண்டுக்குள்ளிருந்து.

"அடடா, இதுக்கா தவிக்கிறீங்க?" வீரமலை மடியிலிருந்து கிராம்பை எடுத்தார். "வாயைத் தொறங்க."

"வேணாங்க…"

"கூச்சப்படாதீங்க சம்பந்தி!" என்று அவர் துண்டை உருவினார்.

வீரமலையின் கையிலிருந்து கிராம்பு விழுந்தது. வாய் திறந்தபடியே நின்றது. வாசல் வரை பின்வாங்கி, தன் பைக்குள் கைவிட்டு நாலாம் புத்தகத்தை எடுத்தார். அட்டையைப் பார்த்தார், அழகிரியைப் பார்த்தார். மயிலம்மாள் காபித் தட்டோடு அப்படியே நின்றாள். அழகிரி கண்ணை மூடிக்கொண்டார். கல்யாணம் போயிற்று.

"அசையாதீங்க சம்பந்தி" என்றார் வீரமலை. "வயல்ல புதுசா மோட்டார் கொட்டகை கட்டினேன். திருஷ்டிக்குப் பூசணிக்காயில பூத முகம் எழுதி மாட்டினேன். ஒண்ணும் பலிக்கலை, கண்ணு பட்டு மூணு தடவை மோட்டார் எரிஞ்சுபோச்சு. அப்புறம் உங்க கடைப் பாய்க்குள்ள இந்தப் புத்தகம் வந்துச்சு. உள்ளே இருந்த முகத்தைக் கிழிச்சு வாசல்ல ஒட்டினேன். அன்னையிலேருந்து ஒரு காக்கா இறங்கலீங்க! படத்துக்கே இந்த மகிமைன்னா, ஆளே சம்பந்தியா வந்தா எந்தக் கண்ணு எங்க குடும்பத்தை அண்டும்?"

அவர் அழகிரியின் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"கல்யாணத்துக்குள்ள மீசையை மட்டும் பழையபடி வளத்துடுங்க. வாசல்ல உங்களைத்தான் நிறுத்தறதா இருக்கேன்."

அங்கேயே தாம்பூலம் மாறியது. மாப்பிள்ளையின் அம்மா பாப்பாயி, இரண்டு பக்கமும் மூக்குத்தி, நடுவில் புல்லாக்கு, ஒற்றைத் தங்கப்பல் எல்லாம் மின்ன ஒரு சிரிப்புச் சிரித்து, வள்ளிக்கண்ணுவைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பூ வைத்தாள்.

"என்ன கண்ணு, வந்ததுலேருந்து என்னையே பாத்துக்கிட்டிருக்கே?"

"ஒண்ணுமில்லீங்க அத்தை" என்றாள் வள்ளிக்கண்ணு, பின்னலில் செருகியிருந்த பென்சிலை மெல்ல உருவிக்கொண்டே. "கொஞ்சம் இப்படித் திரும்புங்க."