என் பெயரில் ஓடிய இருநூற்றுப் பதினான்கு வேலைகள்

எனக்கு முதலில் அநியாயம் செய்தவர் எங்கள் அலுவலக மேலாளர். அடுத்தது, அவர் தும்மினாலும் "சரியாச் சொன்னீங்க சார்" என்கிற கண்காணிப்பாளர் அம்மா. மூன்றாவது இடம் கம்ப்யூட்டருக்குத்தான் போக வேண்டும். அதை நான் மன்னித்துவிட்டேன். பாவம், அதற்குப் பதவி உயர்வு ஆசை கிடையாது.

எங்களுடையது குடிநீர் இணைப்பு அலுவலகம். நான் அங்கே உதவியாளன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவராமல் போய்விட்டது. முப்பத்தொரு வருடம் கோப்புகளை மேஜைக்கு மேஜை தூக்கினேன். இது நடந்த மாதத்தின் கடைசியில் எனக்கு ஓய்வு. போகிறவர் கையில் ஒரு காகிதம் தருவார்கள். "இவர் மீது குற்றம் எதுவும் நிலுவையில் இல்லை" என்று அதில் ஒரு வரி இருக்கும். அந்த வரி இல்லாவிட்டால் ஓய்வும் இல்லை.

அலுவலகம் கணினிமயம் ஆன வருடத்தில் எல்லோருக்கும் போல எனக்கும் ஒரு பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்தார்கள். எதற்கென்று யாருக்கும் தெரியவில்லை. மேலாளர்தான் அதற்கு ஒரு உபயோகம் கண்டுபிடித்தார். காலை ஒன்பது மணிக்கு நான் பூட்டைத் திறந்து, பத்துக் கம்ப்யூட்டரையும் போட்டு, பத்திலும் என் பெயரையும் கடவுச்சொல்லையும் தட்டி வைக்க வேண்டும். பத்தரை மணிக்கு வருகிறவர்கள் திறந்திருக்கிற கம்ப்யூட்டரில் உட்கார்ந்து வேலையைத் தொடங்குவார்கள். கடவுச்சொல் தட்டுவதும் ஜன்னல் திறப்பதும் ஒரே தரத்து வேலை என்பது எங்கள் அலுவலகத்தின் உறுதியான கருத்து.

இப்படியிருக்க, உள்ளறையில் இருந்த பெரிய கம்ப்யூட்டர் நொண்ட ஆரம்பித்தது. ஒரு மனுவைத் திறப்பதற்குள் மனு கொடுத்தவர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்துவிடலாம். அப்போது தலைமை அலுவலகத்தில் "செயல்திறன்" என்ற சொல் புதிதாக வந்திருந்தது. புதுச் செருப்பு வாங்கியவர் தெருத்தெருவாக நடப்பது போல அந்தச் சொல்லை எல்லாச் சுற்றறிக்கையிலும் நடக்க விட்டார்கள். அதன் பின்னாலேயே ஒரு மென்பொருள் வந்தது. அதை மாட்டிவிட ஒரு பொறியாளரும் வந்தார்.

"சார், பெரிய கம்ப்யூட்டர்ல இப்ப ஓடுற எல்லா வேலையும் இதுல வரிசையாத் தெரியும். எது எவ்வளவு இழுக்குதுன்னும் தெரியும். பட்டியல் ரொம்ப நீளமா இருந்தா, இந்தக் கட்டத்துல ஒருத்தர் பேரைப் போடுங்க. அவர் பேர்ல ஓடுறது மட்டும் நிக்கும், மத்ததெல்லாம் மறைஞ்சிடும்."

"யார் பேரை வேணும்னாலும் போடலாமா?" என்று மேலாளர் கேட்டார். அவர் முகத்தில் அப்படியொரு பிரகாசத்தை அவருடைய கல்யாணப் படத்தில்கூட நான் பார்த்ததில்லை.

"போடலாம் சார். முதல்ல யாரைப் பாக்கலாம்?"

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். நான் தண்ணீர் டம்ளரோடு நின்றுகொண்டிருந்தேன்.

"பெரியவரைப் போடுங்க," என்றார் கண்காணிப்பாளர் அம்மா. "அவர் தப்பா எடுத்துக்க மாட்டார்."

இன்றுவரை தப்பாகத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

திரை நிறைந்து வழிந்தது. இருநூற்றுப் பதினான்கு வேலைகள். அத்தனையும் என் பெயரில்.

"பெரியவரே, என்ன பண்ணிக்கிட்டு இருக்கீங்க?" என்றார் மேலாளர்.

"தண்ணி குடுக்கிறேன் சார்."

"இருநூத்துப் பதினாலு வேலை ஓடுது!"

"நான் ஒண்ணுதான் சார் பண்றேன். அதையும் நீங்க கையில வாங்க மாட்டேங்கிறீங்க."

அடுத்து மேலாளரின் பெயரைப் போட்டார் பொறியாளர். திரை வெள்ளையாக இருந்தது. ஒரு வரி இல்லை. பொறியாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு, வெட்கப்பட வேண்டிய நேரத்தை மேலாளருக்கு மரியாதையாக ஒதுக்கிக் கொடுத்தார். மேலாளரோ எழுந்து நின்றார்.

"பாத்தீங்களா! என்னால இந்த சிஸ்டத்துக்குக் கடுகளவு பாரம்கூட இல்ல!"

"சார், என் பேரையும் போடுங்களேன்," என்று கண்காணிப்பாளர் அம்மா பரபரத்தார். அங்கும் வெள்ளை. அறை முழுக்கக் கைதட்டல். ஒவ்வொருவராக வந்து தங்கள் வெறுமையைப் பார்த்துப் பூரித்துப் போனார்கள். மனு வாங்கும் கவுண்டரில் இருந்த பெண் பெயரில் மட்டும் மூன்று வேலைகள் ஓடின. எப்போதோ அவசரத்தில் சொந்தக் கடவுச்சொல்லைத் தட்டியிருக்கிறாள்.

"மூணா?" என்றார் மேலாளர். "ஏம்மா, நல்ல குடும்பத்துப் பொண்ணுதானே நீ?"

அவள் அழுதுவிட்டாள்.

பொறியாளர் நல்ல பிள்ளை. முயன்று பார்த்தார். "சார், நீங்க எல்லாரும் இவர் பேர்ல திறந்த கம்ப்யூட்டர்ல வேலை பாக்குறீங்க. அதனாலதான் எல்லாம் இவர் பேர்ல..."

"தம்பி, கருவி யார் பேரைச் சொல்லுது?"

"இவர் பேரைத்தான். ஆனா..."

"கருவி 'ஆனா'ன்னு சொல்லுதா?"

"இல்ல சார்."

"அப்புறம் நமக்கு எதுக்கு?"

அன்று மாலையே எனக்கு விளக்கம் கேட்டு ஆணை வந்தது. "தாங்கள் தங்கள் பதவிக்குரிய வரம்பை மீறி, ஒரே நேரத்தில் இருநூற்றுப் பதினான்கு பணிகளை மேற்கொண்டு, ஏனைய அலுவலர்கள் யாதொரு பணியும் இன்றி இருக்கும் நிலையை ஏற்படுத்தியமைக்காக, தங்கள் மீது ஏன் நடவடிக்கை எடுக்கலாகாது?" கண்காணிப்பாளர் அம்மா இதைத் தட்டிக்கொண்டிருந்தபோது நான் திரையைப் பார்த்தேன். எண்ணிக்கை இருநூற்றுப் பதினைந்து ஆகியிருந்தது.

என் விளக்கத்தைக் கவுண்டர் பெண்தான் எழுதிக் கொடுத்தாள். "நான் கதவும் கம்ப்யூட்டரும் திறப்பவன். உள்ளே நடப்பதற்குப் பொறுப்பில்லை" என்று ஒரே வரி. குற்றத்தை ஒப்புக்கொண்டதாக அதை எடுத்துக்கொண்டார்கள். நான் இனிக் கம்ப்யூட்டரைத் தொடக்கூடாது, என் பெயர் முடக்கப்படும், தீர்ப்பு வரும்வரை நானும் உள்ளே வரக்கூடாது என்று ஆணையானது. அதே நாளில் வெள்ளைத் திரைக்காரர்களுக்கெல்லாம் "பாரமில்லா அலுவலர்" என்ற சான்றிதழ் கண்ணாடிச் சட்டம் போட்டு வழங்கப்பட்டது. பெயரில் ஒரு வேலை ஓடினாலும் சான்றிதழ் திரும்பப் பெறப்படும் என்று கீழே பொடி எழுத்தில் இருந்தது.

மறுநாள் நடந்ததைக் கவுண்டர் பெண் பிறகு எனக்குச் சொன்னாள். பத்துக் கம்ப்யூட்டரும் பெயர் கேட்டு நின்றன.

"நீங்க திறங்க மேடம், சீனியர் நீங்கதானே."

"ஐயோ, நான் எதுக்கு? நீங்க இளையவர், முதல்ல நீங்க."

அந்த அலுவலகத்தில் ஒருவருக்கொருவர் அவ்வளவு மரியாதை காட்டிக்கொண்டது அதுதான் முதல் தடவை. விசைப்பலகையைத் தொட ஆளில்லை. பெரிய கம்ப்யூட்டர் ஓய்வெடுத்தது. பொதுமக்கள் கூடத்தில் மேலாளர் மாட்டச் சொல்லியிருந்த திரையில் பச்சைக் கோடு தரையோடு தரையாகப் படுத்தது. பாரம்: பூஜ்யம். செயல்திறன்: மிகச் சிறப்பு.

ஊழியனாக உள்ளே போகத்தான் எனக்குத் தடை. அதனால் பத்து நாள் கழித்து, என் காகிதத்தைக் கேட்க மனுதாரர் வரிசையில் போய் நின்றேன். மேலாளர் கூடத்துக்கு வந்து திரையைக் காட்டினார். "ஒரே ஒரு ஊழியர் இத்தனை நாளா சிஸ்டத்தை அடைச்சு வச்சிருந்தார். இப்போ பாருங்க, காத்து மாதிரி இருக்கு!"

வரிசை கைதட்டியது. எனக்கு முன்னால் நின்றவர் குழாய் இணைப்புக்காக ஒன்பதாவது நாளாக வருகிறவர். "இந்த மாதிரி ஆளை முன்னாடியே தூக்கியிருக்கணும் சார்!" என்று கத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். "என்ன பெரியவரே, சும்மா நிக்கிறீங்க? நல்லது நடந்தா தட்ட வேண்டாமா?"

தட்டினேன்.

என் முறை வந்ததும் மேலாளர் பெருந்தன்மையாகச் சிரித்தார். "உங்களை மன்னிச்சாச்சு பெரியவரே. பிரச்சினைதான் தீர்ந்து போச்சே. காகிதம் அடிச்சுத் தந்துட வேண்டியதுதான்."

"அடிங்க சார்."

"கம்ப்யூட்டரைத் திறக்கணுமே."

"நான் திறக்கட்டுமா?"

"நீங்க தொட்டா மறுபடியும் குற்றம்."

"அப்ப நீங்க திறங்க."

மேலாளர் சுவரில் தொங்கிய தன் சான்றிதழைப் பார்த்தார். கண்காணிப்பாளர் அம்மா தன்னுடையதைப் பார்த்தார். கவுண்டர் பெண் தன் இரண்டு கையையும் மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

"கையால எழுதித் தாங்க சார். ஒரே ஒரு வரி."

"கையால எழுதின காகிதம் இப்போ செல்லாது பெரியவரே. காலம் மாறிடுச்சு."

மாதக் கடைசி வந்தது, போனது. விதிப்படி நான் இன்னும் ஓய்வு பெறவில்லை, ஆணைப்படி வேலையிலும் இல்லை. அந்த ஒரு வரியை அவர்கள் எனக்கு இன்னும் தரவில்லை.