மேடத்தின் சிகரெட்

உலகத்திலேயே அதிக தடவை செத்துப்போன பெண்ணுக்கு உடுப்பு மாட்டிவிட்டவள் நான். வாளால் குத்துப்பட்டு, நஞ்சு குடித்து, காய்ச்சலில் கிடந்து என்று வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை சாவார். ஒரு தடவையாவது சுருக்கமாகச் செத்தார் என்று சொல்ல முடியாது. கத்தி ஏறிய பிறகும் நின்று பாடுவார். நான் திரைக்குப் பின்னால் அவருடைய சால்வையைப் பிடித்தபடி, தவறப்போகிற என் ரயிலை நினைத்துக்கொண்டு நிற்பேன்.

ஜெர்மனியில் நாங்கள் இருந்த எசன் நகரிலிருந்து ரயிலில் போய்வரும் தூரத்தில் அந்த ஓபரா இசைநாடக அரங்கு. அங்கே எல்லாரும் அவரை 'மேடம்' என்றே அழைத்தார்கள். குரோவேசியாவில் ஒரு சின்னத் தீவில், டின் மீன் தொழிற்சாலையில் வேலை செய்த தாய்க்குப் பிறந்தவர். மாதா கோயிலில் பாடத் தொடங்கி, வியன்னா, மிலான் என்று பெரிய மேடைகளையெல்லாம் ஒரு காலத்தில் ஆண்ட உச்சக்குரல் பாடகி. ஊர்க்காரர் தங்கள் தீவுக்கு ஓடுகிற கப்பலுக்கே அவருடைய பெயரை வைத்திருந்தார்கள்.

"நான் மிலானில ராணியாப் பாடிக்கொண்டு நிக்கிறன். ஊர்ப் பேப்பரில நான் பழுதாகி நடுக்கடலில நிக்கிறன் எண்டு போட்டிருக்கிறாங்கள்" என்பார்.

அவர் பேசியது டொச், அதாவது ஜெர்மன் மொழிதான். என் காது அதை யாழ்ப்பாணத் தமிழாகத்தான் வாங்கி வைத்திருக்கிறது. அப்படியே தருகிறேன்.

அதற்கு முன் நான் விடியற்காலையில் அலுவலகங்கள் கூட்டித் துடைத்துக்கொண்டிருந்தேன். முழங்கால்கள் இரண்டும் இனி ஏலாது என்று சொல்லிவிட்டன. தையல் தெரியும் என்பதால் இந்த வேலை கிடைத்தது. முதல் ஆறு மாதம் தகுதிகாண் காலம். அதைத் தாண்டினால் நிரந்தரம், தாண்டாவிட்டால் பழையபடி விடியற்காலை வாளியும் துடைப்பமும்.

"வளந்த மனிசிக்கு உடுப்புப் போட்டுவிடுறதும் ஒரு வேலையோ?" என்று கேட்டார் என் கணவர்.

"நீங்கள் ஒருக்கா வந்து அந்தக் கொக்கியளை மாட்டிப் பாருங்கோ" என்றேன்.

எனக்கு முன் வந்த பெண்களை மேடம் ஒவ்வொருவராகத் துரத்தியிருந்தார். ஒருத்தி வாசனை பூசி வந்தாள். ஒருத்தி கொட்டாவி விட்டாள். இன்னொருத்தி சிகரெட் குடித்துவிட்டு அறைக்குள் வந்தாள். அவளுடைய பை அவளுக்கு முன்னமே வெளியே போனது. யாராவது தெருவில் புகைத்தால் மேடம் எதிர்ப்பக்கம் கடந்துவிடுவார்.

புகைக்கு அடுத்தபடி அவர் பயந்தது காற்றுக்கு. இரண்டு பக்கமும் திறந்திருந்து காற்று ஊடுருவினால் மனிதர் செத்துப்போவார் என்பது அவருடைய தீவின் நம்பிக்கை. ஜெர்மன்காரரோ பனி கொட்டினாலும் யன்னலைத் திறந்து வைக்கிற சாதி. மேடை மேலாளர் வந்து திறப்பார், மேடம் அடிக்கடி என்னை அனுப்பிச் சாத்துவிப்பார். பனி படும் என்று தலையை மூடுகிற ஆட்களில் நானும் ஒருத்தி ஆகையால் சந்தோஷமாகவே சாத்தினேன். என்னை அவர் வைத்துக்கொண்டதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

என் தகுதிகாண் காலம் முடியப்போகிற சமயம், ஒத்திகையில் மேடத்தின் உச்ச சுரம் வரவில்லை. வாய் திறந்தது, காற்று வந்தது. மறுநாளும் அப்படியே. ஓரத்தில் ஓர் இளம் பாடகி தயாராக உட்கார்ந்திருந்தாள்.

"ஆரோ எனக்குக் கண் வைச்சிட்டினம்" என்றார் மேடம்.

"எங்கட ஆக்கள் இதுக்கு நாவூறு கழிக்கிறவை" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

"அப்ப கழி."

"இஞ்ச நெருப்புப் பத்த வைக்க ஏலாது மேடம். என்ர வேலை போயிடும்."

"கழிக்காட்டியும் போகும். நானே அனுப்புவன்."

முதல் காட்சி அன்று காய்ந்த செத்தல் மிளகாய், உப்பு, கடுகோடு போனேன். ராணி வேடத்தில் கிரீடத்தோடு மேடம் உட்கார்ந்திருக்க, தலையைச் சுற்றி எடுத்து, அவர் தேநீர் வைக்கிற மின்னடுப்பில் சட்டியைச் சுடவைத்துப் போட்டேன். கண் பட்டிருந்தால் மிளகாய் கமறாது என்பது எங்கள் கணக்கு.

கமறியது. சாத்திய யன்னலுக்குள் அந்தப் புகைக்கு வேறு வழி இல்லாமல் கதவுக்கடியால் நடைபாதைக்குப் போனது. கோரஸ் முழுக்க ஒரே சுருதியில் இருமியது. அலாரம் அடித்தது. வயலின்காரர் வயலினோடும், சீமாட்டிகள் பட்டுக் கவுனோடும் குளிரில் தெருவுக்கு ஓடினார்கள்.

"கமறினால் என்ன அர்த்தம்?" என்று இருமலுக்கிடையே மேடம் கேட்டார்.

பொய் சொல்லியிருக்கலாம். அதற்குக்கூட எனக்குத் தெம்பில்லை. "ஒருத்தரும் கண் வைக்கேல்லை மேடம்."

அவர் கிரீடத்தைக் கழற்றி மடியில் வைத்தார். "அப்ப வயசுதான்" என்றார்.

தேநீரை ஊற்றிச் சட்டியை அணைப்பதற்குள் கதவு தட்டப்பட்டது. தீயணைப்புக்காரரும் மேடை மேலாளரும். மேலாளர் நேரே என்னைத்தான் பார்த்தார். வாளியும் துடைப்பமும் என் கண்முன் வந்துவிட்டன.

மேடம் சட்டியைக் காலால் தன் கவுனுக்கடியில் தள்ளினார். "நான்தான். சிகரெட் பத்தினனான்."

தீயணைப்புக்காரர் கண்ணைத் துடைத்தார். "இது என்ன சிகரெட்?"

"எங்கட தீவில இப்பிடித்தான்."

காட்சி தாமதமாகத் தொடங்கியது. உச்ச சுரம் வரவில்லை. மேடம் இரகசியமாகப் புகைத்துத் தன் குரலைக் கெடுத்துக்கொண்டார் என்று பத்திரிகை எழுதியது. அவருடைய ஒப்பந்தத்தை அரங்கு புதுப்பிக்கவில்லை. என் வேலை நிரந்தரமானது.

அவர் தீவுக்குப் புறப்பட்ட அன்று, ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"என்ர குரல் போனதுக்கு ஊருக்கு ஒரு காரணம் வேணும். உனக்கு வேலை வேணும். ரெண்டையும் ஒரு சிகரெட்டில முடிச்சிட்டன்" என்றார். பிறகு, கோட்டைச் சரியாக மாட்டிவிடவில்லை என்று என்னைத் திட்டினார்.

இப்போது வருகிற பாடகிகள் தங்கமான பிள்ளைகள். ஒருவரும் திட்டுவதில்லை. ஆனால் சாப்பாட்டு மேசையில் யாராவது, அந்த மேடம் புகைத்துக் கெட்டவர் என்று கதையைத் தொடங்கினால், "அந்தச் சிகரெட் நான்தான்" என்று சொல்லிவிடுவேன். என் டொச் இன்னும் திருந்தவில்லை என்று நினைத்துச் சிரிப்பார்கள். எனக்கு அழுகை வந்துவிடும்.