ஜப்பான் கிண்ணத்துக்கு நாங்கள் செய்த மரியாதை

உலகத்தில் கலையைக் காப்பாற்றும் பொறுப்பு ஏதென்ஸுக்கு அடுத்தபடி சங்கரன்கோவிலுக்குத்தான் உண்டு. 1952-ல் நாங்கள் தொடங்கிய நுண்கலை அபிவிருத்திச் சபையின் காரியதரிசி என்ற முறையில் இதை மிகுந்த அடக்கத்தோடு சொல்கிறேன்.

எங்களிடம் அகப்பட்ட முதல் 'கலை', குயவர் சண்முகையா வேளார். யுத்த காலத்தில் மலேயாவில் ஜப்பான் அதிகாரி ஒருவரின் அடுக்களையில் பழைய தேநீர்க் கிண்ணங்களைக் கழுவிக் கழுவியே அவற்றின் கோணல் அழகைக் கற்றவர். ஊர் திரும்பி, அதே மாதிரிக் கிண்ணங்களைக் குளத்து மண்ணில் தம் இஷ்டப்படி வனைந்தார். பக்கத்து மேலநீலிதநல்லூர்ப் பெண்கள் விரலால் சுண்டிப் பார்த்து, ஓசை திருப்தியானதும் வாங்கிப் போனார்கள். கலையைச் சுண்டிப் பார்ப்பதாவது? சபை அவசரமாகக் கூடியது.

தலைவர் வீரபாண்டி ஒரு கிண்ணத்தை இரு கைகளாலும் ஏந்தி, அதன் வெளிப்பக்கத்துக் குழியைத் தடவினார். "இந்தக் குழியில என்ன தத்துவம் வே?"

"பெருவிரல், ஐயா. ஜப்பான்காரன் டீக்கு வச்சிருந்தான். நான் கூழுக்கு மாத்திட்டேன். காட்டுவேலைக்குப் போறவன் நின்னுக்கிட்டே குடிக்கலாம்."

"அது வெளிய. உள்ள?"

"உள்ள கூழு."

'உள்ளே கூழ்: ஆழ்ந்த தத்துவம்' என்று குறிப்பேட்டில் எழுதினேன். பிறகு ஒருமனதாகத் தீர்மானித்தோம்: சண்முகையா இனி குயவர் அல்லர், கலைஞர். பொன்னாடை போர்த்தினோம். கிண்ணத்தைக் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டினோம்.

புரட்டாசியில் அவர் என் ஆபீசுக்கு வந்தார். பகலில் நான் குளத்து மண்ணுக்குப் பர்மிட் எழுதும் குமாஸ்தா. மழைக்கு முன் அள்ளாவிட்டால் அவருக்கு அந்த வருஷம் மண்ணே கிடையாது. ஆனால் விதி தெளிவானது: குயவருக்கு மட்டுமே மண். 'மனுதாரர் குயவர் அல்லர்' என்று எழுதி, ஆதாரமாக எங்கள் தீர்மானத்தையே இணைத்தேன்.

"நீங்கதான பட்டம் கொடுத்திய, ஐயா?"

"அது சாயங்காலம் வே. இப்பப் பகல்."

"அப்ப அதத் திரும்ப எடுத்துக்கிடுங்க. என்னயப் பழையபடி குயவனாக்கிருங்க."

"கொடுக்கத்தான் விதி இருக்கு. எடுக்க இல்ல."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு படி இறங்கினார். எனக்கு வெட்கமாக இருந்தது. அதை எழுத அந்தப் பர்மிட் பாரத்தில் கட்டம் இல்லை.

மழை பெய்தது, குளம் பெருகியது. சண்முகையா குடும்பத்தோடு சிவகிரிப் பக்கம் கல்லுடைக்கப் புறப்பட்டார். போகும்போது அலமாரிக் கிண்ணத்தைக் கேட்டார், வழியில் கூழ் குடிக்கவாம். கலைப்பொருளைக் கண்டவர் கையில் கொடுப்பதில்லை என்று நானே மறுத்தேன்.

ஒரு தொழிலாளியை ஊரைவிட்டு விரட்ட மற்ற ஊர்க்காரர்கள் கம்பை எடுப்பார்கள். நாங்கள் நாகரிகமானவர்கள். பொன்னாடை போர்த்தியே விரட்டினோம்.