மாப்பிள்ளை எழுந்து வரவில்லை

பாட்டுக்காரன் எவனும் தன் முதல் மேடையைப் பற்றி உண்மை சொல்லமாட்டான். கோயில் திருவிழா, ஜனக்கூட்டம், கைத்தட்டல் என்று அளந்துவிடுவான். நானும் பேட்டிகளில் அப்படித்தான். (மனைவி பக்கத்தில் இருந்தால் மட்டும் அளப்பதில்லை.)

இட ஒதுக்கீட்டுக்காகப் போராட்டம் நடந்த வருஷங்கள் அவை. சங்கராபுரம் பக்கத்தில் எங்கள் ஊர். மீசைதான் அரும்பு, குரல் முழுசாகவே வளர்ந்திருந்தது. நடவுப் பாட்டு, கும்மி, நலுங்கு என்று எதைக் கேட்டாலும் பிடித்துக்கொள்வேன். மைக்கைத்தான் பிடித்ததில்லை. அப்பாவுக்கோ பாட்டு என்றாலே ஆகாது. கள்ளக்குறிச்சி ரைஸ் மில்லில் எனக்கு மூட்டை தூக்கும் வேலை சொல்லிவைத்திருந்தார். நான் கெஞ்சிய கெஞ்சலில் ஒரே ஒரு வாய்ப்புக் கொடுத்தார்.

"ஒரு எடத்துல பாடு. நாலு பேரு நல்லாக்குதுனு சொல்லட்டும். இல்லன்னா மில்லுக்குப் போய்க்கினே இரு."

அந்த வாரம்தான் கல்வராயன் மலையடிவாரத்து ஊர் ஒன்றிலிருந்து பாட ஆள் கேட்டுச் சொல்லியனுப்பினார்கள். போராட்டக்காரர்கள் சாலை நெடுக மரங்களை வெட்டிப் போட்டிருந்ததால் பஸ் கிடையாது. மரத்துக்கு அந்தப் பக்கம் நின்றவர் இந்தப் பக்கம் நின்றவரிடம் சொல்ல, அவர் அடுத்த மரம் வரை நடந்துவந்து அங்கே சொல்ல, இப்படித்தான் சேதி எங்களுக்கு வந்தது. அவர்கள் சொல்லியனுப்பியது 'கல்யாணச் சாவு'. அதாவது பேரன் பேத்தி எடுத்து, நிறைந்த வயதில் போனவரை ஆட்டம் பாட்டத்தோடு அனுப்பிவைப்பது. வழியில் ஏதோ ஒரு மரத்தில் 'சாவு' மாட்டிக்கொண்டது. 'கல்யாணம்' மட்டும் எங்கள் ஊர் வந்து சேர்ந்தது.

மாமாவின் பட்டுச் சட்டையை இரவல் வாங்கி, சென்ட் அடித்துக்கொண்டு, மரம் மரமாகத் தாண்டிப் போய்ச் சேர்ந்தேன். தெருவெல்லாம் பூ. மேளம் காதைப் பிளக்கிறது. வெடி வெடிக்கிறார்கள், ஆடுகிறார்கள். இது கல்யாணம் இல்லை என்று சந்தேகப்பட யாரும் எனக்கு ஒரு காரணம் தரவில்லை. வெயிலுக்காக மைக் செட்டைப் பக்கத்து வீட்டு மாட்டுக் கொட்டகையில் வைத்திருந்தார்கள். செட்டுக்காரர் என் சட்டையை மேலும் கீழும் பார்த்துவிட்டு மைக்கைக் கொடுத்தார். அங்கிருந்து பந்தல் கண்ணுக்கே தெரியாது.

நானே கட்டி வைத்திருந்த நலுங்குப் பாட்டை எடுத்துவிட்டேன்.

"படுத்தது போதும் மாப்பிள்ளே, எழுந்து வாங்க
ஊர்வலம் கெளம்ப நேரமாச்சு, எழுந்து வாங்க"

மேளம் நின்றது. வெடி நின்றது. ஊரே சொக்கிப்போய்க் கேட்கிறது என்று நினைத்து, இன்னும் குரலை ஏற்றினேன். மாலை கழுத்தை உறுத்துகிறதா, மாமனார் வீட்டு விருந்து ஜாஸ்தியாகிவிட்டதா, வாயே திறக்கமாட்டேன் என்கிறீர்களே என்று மாப்பிள்ளையை வாரு வாரென்று வாரினேன்.

இரண்டு பேர் கொட்டகைக்குள் வந்து என்னைச் சட்டையோடு தூக்கினார்கள். பந்தலில் இறக்கிவிட்டபோதுதான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். பெஞ்சில் மாலையோடு படுத்திருந்தார். நெற்றியில் காசு. தாடையைச் சேர்த்துத் துணி கட்டியிருந்தது. (வாய் திறக்காததற்குக் காரணம் அதுதான்.)

ரைஸ் மில்லுக்குக்கூட உயிரோடு போய்ச் சேரமாட்டேன் என்று தோன்றிவிட்டது. தலைமாட்டில் இருந்த அவர் மனைவி என்னைப் பார்த்தார். அழுகையும் சிரிப்பும் அவருக்கு ஒன்றாக வந்தன.

"வுடுங்கடா அவன. எங்க கல்யாணத்தன்னிக்கி மழ புடிச்சிக்கினு பாட்டுக்காரன் வரல. கடைசி வரிக்கும் அந்தக் கொறய சொல்லிக்கினே இருந்தாரு இந்த மனுசன். இப்ப வந்துக்கிறான். நீ பாடு கண்ணு, கேட்டுக்கினு போவட்டும்."

பாடினேன். எடுக்கிற வரைக்கும் பாடினேன். பயத்தில் குரல் நடுங்கியதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டு ஊரே அழுதது. நன்றாக இருந்தது என்று ஊரே சொன்ன சேதி, அத்தனை மரத்தையும் தாண்டி, இந்த முறை முழுசாக அப்பாவிடம் வந்து சேர்ந்தது. மில்லுப் பேச்சு அதோடு முடிந்தது. அந்த அம்மாவை நினைத்தால் இன்றைக்கும் கை கூப்பத் தோன்றுகிறது.

அப்புறம் கேசட், டி.வி., வெளிநாடு என்று வளர்ந்தேன். எங்கள் வட்டாரத்தில் மட்டும் இன்றுவரை சாவுக்குத்தான் கூப்பிடுகிறார்கள். அதனால் போன் வந்தால் என் மனைவி, "வயசு இன்னா இருக்கும்ங்க?" என்றுதான் முதலில் கேட்பாள். (வயது தெரிந்தால்தானே அதற்கேற்ற பாட்டு.) சில வருஷங்களுக்கு முன் திருநாவலூரிலிருந்து ஒருவர் எங்கள் மகளைப் பெண் கேட்கப் போன் செய்தார். "எங்க பையன் விஷயமா பேசணும்ங்க," என்று ஆரம்பித்தார். இவள் வழக்கம்போல வயதைக் கேட்டாள். இருபத்தெட்டு என்றார். இவள் தரையில் உட்கார்ந்து ஒப்பாரியே வைத்துவிட்டாள்.

அந்தப் பையன்தான் எங்கள் மருமகன். இப்போதும் போன் செய்தால், "அத்த, போனவரு பேசறேன்," என்றுதான் ஆரம்பிக்கிறார்.