பன்னிரண்டு வாத்துகளின் தீர்ப்பு

ஒரு வாத்து பொய் சொல்லலாம். பன்னிரண்டு வாத்துகள் சேர்ந்து பொய் சொல்லுமா? ஊரே இப்படித்தான் கேட்டது. கேட்டுவிட்டு வரிசையில் போய் நின்றது.

வரிசை தொடங்கிய கதை சுவையானது. பூட்டிக் கிடந்த மரச்சாமான் கடையை வாடகைக்கு எடுத்த வாத்துச்சாமியார், முதல் நாள் தன் மச்சான்கள் நாலு பேரை வாசலில் நிற்க வைத்தார். விளம்பரம் அவ்வளவுதான். நாலு பேர் நிற்பதைப் பார்த்து எட்டுப் பேர் நின்றார்கள். எதற்கு நிற்கிறோம் என்று ஒருவரும் கேட்கவில்லை. இத்தனை பேர் நிற்கும்போது கேட்டால் நம்மை முட்டாள் என்று நினைத்துவிட மாட்டார்களா?

உள்ளே கூடத்தின் கோடியில் இரண்டு வாசல்கள். பச்சை வாசல் ‘ஆமாம்’, சிவப்பு வாசல் ‘இல்லை’. கேள்வி கேட்டதும் கூடையைத் திறப்பார்கள். பன்னிரண்டு வாத்துகளும் ஒன்றுபோல ஒரே வாசலுக்கு நடக்கும். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். ‘இல்லை’ என்று வந்தால் பரிகாரம் உண்டு, அதற்குக் கட்டணம் தனி. அதனாலோ என்னவோ, அந்த வாத்துகளுக்கு உலகத்தில் பெரும்பாலான விஷயங்கள் பிடிக்கவில்லை.

ஒரு நாள் அங்கே வந்தவள் ஒரு லிஃப்ட் மெக்கானிக். அவளுக்கும் பேக்கரிக்காரனுக்கும் கல்யாணம் முடிவாகியிருந்தது. அவன் அம்மாவுக்கும் சம்மதம்தான். அடுத்த வீட்டுக்காரி மட்டும் ஒரு கேள்வி கேட்டுத் தொலைத்தாள்: “வாத்துகிட்ட கேட்டீங்களா?”

அடுத்த வீட்டுக்காரியையும் கூட்டிக்கொண்டு எல்லோரும் வந்து, ‘இந்தக் கல்யாணம் நடக்கலாமா?’ என்று கேட்டார்கள். பன்னிரண்டும் சிவப்பு வாசலுக்குப் போயின.

அம்மாவின் முகம் வெளுத்தது. “வேணாம்டா. இத்தனையும் சேர்ந்து சொல்லுது.”

“அம்மா, அதுங்களுக்கு என்னம்மா தெரியும்?” என்றான் பேக்கரிக்காரன், அழாத குறையாக.

“நாவை அடக்கு!” என்றார் சாமியார். “பன்னிரண்டும் பன்னிரண்டு மனசு! ஒண்ணு நெனைக்கிறதுக்கும் இன்னொண்ணு நெனைக்கிறதுக்கும் சம்பந்தமே கிடையாது!”

மெக்கானிக் இவ்வளவு நேரமும் வாத்துகளைப் பார்க்கவில்லை. சாமியாரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் அவர் சும்மா நகர்வது போல ஏதாவது ஒரு வாசலோரம் போய் நிற்பதையும், பெரிய வாத்து நேராக அவரிடம் ஓடுவதையும் கவனித்திருந்தாள்.

“சரிங்க சாமி. அப்ப பதினொரு மனசு போதும்ல?” என்று சொல்லி, பெரிய வாத்தைத் தூக்கி இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். “இப்ப அதே கேள்வியைக் கேளுங்க.”

சாமியாருக்கு வியர்த்தது. தானே சொன்ன வாயால் மறுக்க முடியுமா? கேட்டார்.

பதினொன்றும் ஒன்றை ஒன்று பார்த்தன. ஒன்று இறகைக் கோதியது. ஒன்று அடுத்த வீட்டுக்காரியின் செருப்பைக் கொத்தியது. ஒன்று உட்கார்ந்தே விட்டது.

“தியானத்துல இருக்கு!” என்றார் சாமியார்.

“இருக்கட்டும். இன்னும் ஒரே ஒரு கேள்வி” என்றாள் அவள். பேக்கரிக்காரன் சாமியாரைத் தோளோடு அணைத்துப் பச்சை வாசலில் கொண்டுபோய் நிறுத்தினான். மாவு பிசைகிற கை, திமிற முடியவில்லை. அவள் பெரிய வாத்தைக் கீழே விட்டாள். “வாத்துகளே, இந்தச் சாமியார் ஏமாத்துக்காரரா?”

பெரிய வாத்து பச்சை வாசலுக்கு ஓடியது. பதினொன்றும் பின்னாலேயே ஓடின. ஆமாம், ஆமாம், ஆமாம்!

பேக்கரிக்காரனின் பிடி தளர்ந்ததும் சாமியார் உதறிக்கொண்டு முன்வாசல் வழியே தெருவில் பாய்ந்தார். பெரிய வாத்தும் பாய்ந்தது. அவர் சந்தில் திரும்பினால் அதுவும் திரும்பியது. அதன் பின்னால் பதினொன்று.

“முட்டையிலேர்ந்து வந்ததும் அது மொதல்ல பாத்தது அவரைத்தான் போல” என்றாள் அவள். “அம்மான்னு நெனச்சு அவர் பின்னாடி போகுது. மத்ததுங்க அது பின்னாடி போகுது. பாவம், அதுங்க மேல என்ன தப்பு?”

“ஃபிராடு!” என்று யாரோ ஒருவர் கத்தினார். உடனே எல்லோரும் “ஃபிராடு!” என்று கத்தினார்கள். முதலில் கன்னத்தில் போட்டுக்கொண்டவர்தான் இப்போது எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்தினார்.

அம்மா கூட்டத்தைப் பார்த்தாள். “இப்ப நான் என்ன பண்ணட்டும்? சொல்லுங்களேன்.”

“அத்தை, அவங்களை விடுங்க. உங்களுக்கு என்ன தோணுது?” என்றாள் மெக்கானிக்.

அம்மா திகைத்துப் போனாள். இப்படி ஒருவர் அவளைக் கேட்டதே இல்லை. “எனக்கு உன்னை மொதல் நாளே பிடிச்சிருச்சுடி. அதுக்கு எதுக்கு வாத்துகிட்ட வந்தேன்னுதான் தெரியல” என்று சொல்லிச் சிரித்தாள். பேக்கரிக்காரனுக்கு உயிர் வந்தது.

வாத்துகள் ஒன்றன்பின் ஒன்று போவதில் நியாயம் உண்டு. முன்னால் போவது இரையைக் கண்டிருக்கலாம், நரியையும் கண்டிருக்கலாம். நாமும்தான் வரிசையில் நிற்கிறோம். நில்லுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. முன்னால் நிற்பது சாமியாரின் மச்சானா என்று ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டாவது நில்லுங்களேன்!